உலகநாதனின் எண்பத்து மூன்றாவது ஆட்டம்

உலகநாதனின் வீட்டு மாடியில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். முகப்பில் பதினாறு பொத்தான்கள், பதினாறு சிறிய விளக்குகள். பாடியில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பழைய மெஷினைப் பிரித்தபோது பழைய இரும்போடு போக வேண்டிய பெட்டி அது. 2010 ஜூலை 22 அன்று அதை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் பெட்டி இப்போது செஸ் ஆடுகிறது. நம் நகர்வைப் பொத்தானில் அழுத்தினால் தன் நகர்வை விளக்கில் காட்டும், காயை நாம்தான் நகர்த்தி வைக்க வேண்டும்.

நன்றாக ஆடாது. ஒரு காயை நகர்த்தச் சராசரியாக நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். நான் குறித்தவற்றில் மிக நீண்டது பதினொரு நிமிடம் இருபது வினாடி. உலகநாதனின் மனைவி சரசா ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அதுனாச்சும் பதினோரு நிமிசத்துல பதில் சொல்லிடுது சார். எங்க ஊட்டு ஆள ஒரு கேள்வி கேட்டா பதினோரு நாளாவுது."

உலகநாதன் பிறந்தது 1966-இல், பாரிவாக்கத்தில். அப்பா அம்மா இருவரும் மற்றவர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, 1987 மார்ச்சில் பாடியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அங்கே டைம் ஆபீசில் முப்பத்தொரு ஆண்டு இருந்தேன். வருகைப் பதிவேடு, கேட் பாஸ், விபத்துப் பதிவேடு மூன்றும் என் பொறுப்பு. முதல் பத்தாண்டில் உலகநாதன் நான்கு நாள் மட்டுமே தாமதமாக வந்திருக்கிறார். மூன்று நாள் மழை. ஒரு நாள் மகள் பிறந்தாள்.

மெஷின்களை இயக்கும் அந்தப் பெட்டிகளை பி.எல்.சி. என்பார்கள். அவற்றுக்கு எழுதும் மொழி கணினிக்காரர்கள் எழுதும் மொழி மாதிரி இருக்காது. இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு, நடுவில் படிப்படியாகக் குறுக்குக் கோடுகள். பார்க்க ஏணி போல இருப்பதால் பெயரும் லேடர்தான். ஒவ்வொரு கோட்டிலும் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் விளைவு. கதவு மூடியிருந்தால், பொத்தானை அழுத்தினால், மோட்டார் ஓடட்டும். அவ்வளவுதான். பெட்டி முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதல் கோட்டுக்குப் போகும். வினாடிக்குப் பல தடவை, நாள் முழுக்க, இதையே செய்யும். மோட்டாரையும் விளக்கையும் ஆட்டிவைக்கச் செய்த மொழி. யோசிப்பதற்காகச் செய்ததல்ல.

அந்த மொழியில் ஏன் செஸ் எழுத வேண்டும் என்று எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் அரவிந்தன் கேட்டார். கணினி நிறுவனத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி. மாடிக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத பைத்தான்ல எழுதுனா ஒரு மத்தியானம் போதுமே. நான் வேணா எழுதித் தரட்டா?" என்றார்.

உலகநாதன் சிரிக்கவில்லை. "எழுதலாம் தம்பி. ஆனா நான் தப்பு பண்ணது அதுல இல்லியே" என்றார்.

அரவிந்தனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

2009 அக்டோபர் 14, புதன்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. காலை 11.20-க்கு, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஏழாம் எண் பவர் பிரஸ் இறங்கியதில் கோவிந்தராஜின் வலது கையில் நடு மூன்று விரல்கள் போயின. கோவிந்தராஜ் பாடிக்காரர். உலகநாதனும் அவரும் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மேசையில் செஸ் ஆடுவார்கள். இருபது ஆண்டாக ஆடியவர்கள்.

அந்த பிரஸ்ஸுக்கு முன்பக்கம் ஒரு தடுப்புக் கதவு இருந்தது. அது திறந்திருந்தால் பிரஸ் இறங்காது. விபத்துக்கு முந்தைய வாரம் பின்பக்கமும் ஒரு கதவு வைத்தார்கள். பின்கதவுக்கான கோட்டை எழுதியவர் உலகநாதன். 'கதவு திறந்திருக்கிறது' என்று முன்கதவுக்கு ஏற்கெனவே மேலே ஒரு கோடு இருந்தது. அதே பெயரில் பின்கதவுக்குக் கீழே இன்னொரு கோடு எழுதினார். ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் பெட்டி குழம்பாது, கீழே இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். முன்கதவு திறந்திருக்கிறது என்று மேல் கோடு சொல்லும். பின்கதவு மூடியிருப்பதால், திறக்கவில்லை என்று கீழ்க் கோடு சொல்லும். பிரஸ் கீழ்க் கோட்டைக் கேட்டு இறங்கும். அவர் பின்கதவைத் திறந்து பார்த்தார், பிரஸ் நின்றது. முன்கதவைத் திறந்து பார்க்கவில்லை. அதில் அவர் கையே வைக்கவில்லை அல்லவா, அது பழைய கதவு, ஏற்கெனவே சோதித்த கதவு.

விபத்துப் பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சாயங்காலம் உலகநாதன் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "சார், அவன் மேல தப்பில்ல சார். நான் எழுதுன கோடு. மாத்தி எழுதுங்க" என்றார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்றேன். விதி அதுதான். ஆனால் அன்று நான் விதிக்காக அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு உலகநாதன் எந்த மெஷினுக்கும் ஒரு கோடுகூட எழுதவில்லை. கேபிள் இழுத்தார், ஃபியூஸ் மாற்றினார், மோட்டார் கழற்றினார். எழுதச் சொன்னால் வேறு ஆளைக் காட்டினார். சம்பள உயர்வு நின்றது. மருத்துவமனைக்கும் போகவில்லை, கோவிந்தராஜின் வீட்டுப் பக்கமும் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து கோவிந்தராஜே திருமுல்லைவாயிலில் இருக்கும் உலகநாதனின் வீட்டுக்கு வந்தார். கையில் செஸ் அட்டை.

"இன்னாடா, வெரலு போனா செஸ்ஸும் போச்சா? காய நவுத்த ரெண்டு வெரலு போதும்டா" என்று கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் ஒரு சிப்பாயைத் தூக்கிக் காட்டினாராம். சரசா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உலகநாதன் அன்று ஆடவில்லை. மறுமாதம்தான் பெட்டிக்கு கேட் பாஸ் கேட்டு என்னிடம் வந்தார்.

மகள் சுவேதாவிடம் அவர் சொன்ன காரணம் எளிமையானது. இரும்பை நகர்த்தாத ஒரு மெஷின் வேண்டும். அதில் தப்பு எழுதினால் ஒரு மரச் சிப்பாய்தான் அடிபடும்.

பன்னிரண்டு ஆண்டு எழுதினார். முதலில் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைவார். பிறகு கையில் பிடித்துக்கொள்ளும் சின்ன கன்சோலில், கால்குலேட்டரில் தட்டுவதுபோல, ஒவ்வொன்றாக ஏற்றுவார். இருநூறு பக்க நோட்டு பதினொன்று. பெட்டியில் எட்டாயிரம் கட்டளைகளுக்குத்தான் இடம். ஒரு சுற்று வாசிப்பு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்டால், மெஷின் ஏதோ சிக்கிக்கொண்டது என்று பெட்டி தானே நின்றுவிடும். செஸ்ஸில் யோசிப்பது என்றால் நேரம் ஆகும். அதனால் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம் என்று யோசனையை அறுபத்து நான்காக நறுக்கினார்.

2013-இல் குதிரை தொல்லை கொடுத்தது. அறுபத்து நான்கு கட்டத்துக்கும் வரிசையாக எண் போட்டிருந்தார். பலகையின் வலது ஓரத்தில் நின்ற குதிரை, கணக்குப்படி சரியாகத் தாண்டி, பலகையின் இடது ஓரத்தில் போய் இறங்கியது. ஏழு மாதம் ஓரக் கட்டங்களுக்குத் தனித்தனியாகக் கோடு எழுதி இடம் தீர்ந்துபோனது. பாரிவாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பிளாட் போட்டு விற்ற நிலத்தில் மிச்சமிருந்த வரப்பைப் பார்த்தாராம். வந்ததும் பலகையைச் சுற்றிலும் யாரும் நிற்கக்கூடாத வெற்றுக் கட்டங்களைச் சேர்த்து, மொத்தம் நூற்றிருபது கட்டமாக்கினார். வரப்பில் கால் வைத்தால் அந்த நகர்வு செல்லாது. முந்நூற்றுச் சொச்சம் கோடுகள் போய் ஒரே கோடு நின்றது. கணினிக்காரர்கள் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள் என்று அரவிந்தன் பிறகு சொன்னார். "அப்டியா, சந்தோசம்" என்றார் உலகநாதன்.

இதற்கிடையில் கோவிந்தராஜ் வேலையை விட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட் எடுத்திருந்தார். ஒரே ஒரு பழைய பவர் பிரஸ், அதற்குப் பழைய முன்கதவோடு அவர் புதிதாக வைத்த பின்கதவு, ஐந்து பெண்கள் வேலைக்கு. 2022 டிசம்பரில் அந்த பிரஸ்ஸை இயக்கும் கன்ட்ரோல் பேனல் அடிக்கடி கோளாறு செய்தது. பேனலைப் புதிதாகப் போட்டு அதற்கு லேடர் எழுதித் தரும்படி உலகநாதனைத்தான் கேட்டார். மாடியில் நானும் கூட இருந்தேன்.

"வேற ஆளப் பாரு" என்றார் உலகநாதன்.

"வேற ஆளு எவன்? நேத்து காலேஜ் முடிச்சிட்டு வந்துகினு கீறான், அவனா? அங்க சுசீலாவும் மத்ததுங்களும் கைய உட்டு வேல செய்யுதுங்க. தப்பு பண்ணா இன்னா ஆவும்னு தெரிஞ்சவன் எழுதணும் மாமே."

"தெரிஞ்சதாலதான் சொல்றேன். முடியாது."

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் உலகநாதன் பெட்டியைக் காட்டினார். "இதுங்கூட நூறு ஆட்டம் ஆடு. நூறுல ஒரு தபா கூட அது சட்டத்துக்கு மீறி காய நவுத்தாம இருந்தா, உன் பேனல நான் எழுதறேன். ஒரு தபா மீறினாலும் என்ன உட்டுடு."

"இன்னா நைனா, பொண்ணு குடுக்கறதுக்கு ஜாதகம் பாக்கற மாதிரி கீது" என்று சிரித்துவிட்டு, கோவிந்தராஜ் என் பக்கம் திரும்பினார். "டைம் ஆபீஸ் சார், நீங்க எழுதிக்குங்க. உங்க நோட்டுதான் சாட்சி."

முதல் ஆட்டம் 2023 ஜனவரி 8, ஞாயிறு காலை 10.05. நான் அம்பத்தூரிலிருந்து ஒரு ஸ்டேஷன் ரயிலில் வருவேன். ஒவ்வொரு நகர்வையும் எடுத்த நேரத்தோடு ரஃப் நோட்டில் எழுதி, திங்கட்கிழமை வீட்டில் பார்த்துப் பிரதி எடுப்பேன். பெட்டியில் ஏதாவது மாற்றினால் தேதியோடு சொல்லிவிடுவார், அதையும் எழுதுவேன். எழுபத்தாறு ஞாயிறுகளில் பதினொன்று ஆட்டமில்லாமல் போனது. பதினெட்டு ஞாயிறுகளில் இரண்டிரண்டு ஆடினார்கள். கோவிந்தராஜ் வாய் ஓயாமல் பேசுவார். பெட்டி யோசிக்கும்போது, "இன்னா அண்ணாத்தே, தூங்கிட்டியா?" என்று அதைத் தட்டுவார். உலகநாதன் மட்டும், பெட்டியின் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்ப்பார். மரக் காய்தான் நகர்ந்தது. அவர் பார்த்தது மரக் காயை அல்ல.

எண்பத்து மூன்றாவது ஆட்டம் 2024 ஜூன் 16-இல் நடந்தது. பெட்டி அதுவரை ஆடியதிலேயே நல்ல ஆட்டம். முப்பத்து நான்காவது நகர்வில் கோவிந்தராஜின் ராஜாவை மடக்கியது. அத்தோடு பெட்டிக்கு ஐந்தாவது வெற்றி. சமன் ஏழு, மற்ற எழுபத்தொன்றும் கோவிந்தராஜுக்கு.

"ஓட ஓட வெரட்டிச்சே உன் பொட்டி! இன்னும் பதினேழு தான் மாமே. பேனலுக்கு ஒயர் வாங்கி வெச்சிடட்டா?"

உலகநாதன் சிரித்தார். பதினைந்து ஆண்டில் நான் பார்த்த முதல் சிரிப்பு. சரசா வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்தார். நான் 1.40 ரயிலில் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை பிரதி எடுக்கும்போது பத்தொன்பதாவது நகர்வில் பேனா நின்றது. பெட்டி அங்கே காஸ்லிங் செய்திருந்தது. ராஜா யானையின் பக்கம் இரண்டு கட்டம் போக, யானை அதைத் தாண்டி வந்து நிற்பது காஸ்லிங். ராஜாவோ அந்த யானையோ அதற்குமுன் ஒருமுறைகூட நகர்ந்திருக்கக் கூடாது. பதினொன்றாவது நகர்வில் பெட்டியின் ராஜா ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தது. பதினான்காவதில் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. பலகையைப் பார்த்தால் ராஜா நகராததுபோலவே இருக்கும். என் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

முந்தைய எண்பத்திரண்டு ஆட்டங்களையும் எடுத்துப் பார்த்தேன். ராஜா போய்த் திரும்பி, பிறகு காஸ்லிங் செய்ய வழியிருந்த ஆட்டம் வேறு ஒன்றும் இல்லை. அந்த நோட்டில் எழுதியிருந்ததை இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அதை மூடி அலமாரியில் வைத்தேன். சாப்பிட்டேன். மூன்று மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

உலகநாதன் பக்கத்தைப் படித்தார். என் நோட்டிலேயே மார்ச் 17 தேதியிட்ட குறிப்புக்குப் போனார். அன்று பெட்டியில் இடம் போதவில்லை என்று அவர் சில கோடுகளைச் சுருக்கியிருந்தார். ராஜா நகர்ந்தது, யானை நகர்ந்தது என்று தனித்தனியாக இருந்த இரண்டு பெயர்களை எடுத்துவிட்டு, 'காஸ்லிங் கூடாது' என்று ஒரே பெயராக்கியிருந்தார். தம்முடைய நோட்டுகளை எடுத்தார். ராஜாவின் கோடு மூன்றாம் நோட்டில் 112-ஆம் பக்கம். யானையின் கோடு ஒன்பதாம் நோட்டில் 40-ஆம் பக்கம். இரண்டின் வலப்பக்கத்திலும் அதே பெயர். கீழே இருந்தது யானையின் கோடு.

"யானைய நவுத்திப் பாத்தேன் சார்" என்றார். "ராஜாவப் பாக்கல. அதான் முன்னாடியே பாத்தாச்சேன்னு."

பெட்டியின் சுவிட்சை அணைத்தார். விளக்குகள் அணைந்தன. சரசா டீயோடு வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, டம்ளரை வைக்காமலே நின்றார்.

கோவிந்தராஜுக்கு நானே போன் செய்தேன். ஆறரைக்கு வந்துவிட்டார். நோட்டுகள் இரண்டையும் அருகருகே வைத்து அவருக்குக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கு லேடர் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பது யாருக்கும் தெரியும்.

"இதானா அது?" என்றார். "அன்னிக்கும் இதேதானா?"

"இதேதான்" என்றார் உலகநாதன். "பன்னெண்டு வருசம் எழுதியும் அதே கையிடா. என்ன உட்டுடு."

கோவிந்தராஜ் தம்முடைய இரண்டு விரல் கையை அந்தப் பக்கத்தின்மேல் வைத்தார். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. "தப்பு பண்ணாதவன் வோணும்னு நான் எப்ப கேட்டேன்? நீதான நூறு ஆட்டம்னு சொன்ன. அன்னிக்கு பிரஸ்ஸுல இன்னா நடந்துச்சுன்னு எவனும் எழுதல. எழுதுனதும் பொய்யி." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "இன்னிக்கு சார் எழுதியிருக்காரு. ஒரே நாள்ல தப்பு ஆப்ட்டுது. எங்க தப்பு பண்ணுவேன்னு உனுக்கே தெரியும். தெரிஞ்சவன் எழுது."

உலகநாதன் நோட்டுகளை மூடினார். சரசா சொன்னது பொய்யில்லை, பதில் வரப் பதினோரு நாள் ஆனது. ஜூன் 28 வெள்ளிக்கிழமை எனக்கு போன் வந்தது. "சார், கதவு ரெண்டும் பேனல் பொட்டிக்குள்ள வரவே கூடாது. ரெண்டு சுவிட்சும் ஒரே ஒயர்ல, நேரா பிரஸ்ஸுக்கு. எந்தக் கதவு தொறந்தாலும் கரண்டே போவாது. பொட்டிக்கு அங்க பேசற வேலயே இல்ல. அது பீஸ எண்ணட்டும், எண்ணெ ஊத்தற நேரத்த பாக்கட்டும், போதும். அப்டின்னா எழுதறேன். நான் எழுதற எல்லாப் பேரையும் நீங்க ஒரு பட்டியலா எழுதணும். ஒரு பேரு ரெண்டு வாட்டி வந்தா நிறுத்திடுங்க."

லேடர் எனக்கும் தெரியாது. ஆனால் பட்டியலில் ஒரு பெயர் இரண்டு முறை வருகிறதா என்று பார்க்க எனக்குத் தெரியும். மொத்தம் நாற்பத்தாறு பெயர்கள். இரண்டு முறை வந்தது ஒன்று, எண்ணெய் பம்ப். அதைத் திருத்தினார்.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டில் சோதனை நடந்தது. தகடு வைக்கும் அச்சான டையின் நடுவில் ஒரு சாக்பீஸை வைத்தார்கள். முன்கதவைத் திறந்தார்கள், பிரஸ் அசையவில்லை. பின்கதவு, அசையவில்லை. இரண்டும் சேர்ந்து, அசையவில்லை. கதவுக்கு இருபது தடவை என்று என் நோட்டில் நாற்பது கோடு போட்டேன். கடைசியில் இரண்டையும் மூடி கோவிந்தராஜ் பொத்தானை அழுத்தியபோது சாக்பீஸ் மாவானது. உலகநாதன் வெளியே போய் ரோட்டோரம் நின்றார். லாரி ஒன்று கடந்து போகும்வரை உள்ளே வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வந்த சுசீலா புதுப் பேனலைப் பார்த்தார். ஐந்து பெண்களில் அந்த பிரஸ்ஸில் உட்காருபவர் அவர்.

"யாருண்ணா பண்ணாங்க இத?"

"என் வெரலு போன பிரஸ்ஸுக்கு எழுதுனானே, அவன்தான்" என்று கோவிந்தராஜ் உலகநாதனைக் காட்டினார்.

சுசீலா உலகநாதனையே பார்த்துக்கொண்டு நின்றார். உலகநாதன் தலை குனியவில்லை. "ஆமாம்மா, நான்தான். நான் சொல்றத நம்பாத. நீயே தொறந்து பாரு. புதுக் கதவு, பழைய கதவு, ரெண்டையும் பாரு. தெனிக்கும் பாரு" என்றார்.

சுசீலா முன்கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினார். பிறகு சுற்றிப்போய்ப் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினார். பிறகு இரண்டையும் மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பேனலின் பக்கத்தில் நான் ஒரு நோட்டை ஆணியில் மாட்டியிருந்தேன். தேதி, முன்கதவு, பின்கதவு, கையொப்பம் என்று நான்கு கட்டம். காரணம் என்ற கட்டம் அதில் இல்லை. பாடித் தொழிற்சாலையை மூடி ஆறு ஆண்டாகிறது. அந்த விபத்துப் பதிவேடு எங்கே போனது என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அதனால் அங்கே திருத்த முடியாததை இங்கே எழுதுகிறேன்: 2009 அக்டோபர் 14-இல் தொழிலாளி கோவிந்தராஜின்மேல் எந்தத் தவறும் இல்லை.

ஷெட்டின் நோட்டில் முதல் வரி இது: 25.11.2024. முன்கதவு, பார்த்தேன். பின்கதவு, பார்த்தேன். சுசீலா.